காட்டிக் கொடுத்தவனும் கதறி அழுதவனும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் பெரிதும் தயங்கினேன். நான் பட்டம் பெற்ற புலவன் அல்லேன். மெட்ரிக்குலேஷனோடு கல்வியை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் வேலைக்குப் போனவன். ருஷ்ய மொழியும் அறியேன். ஆயினும், மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியே மலிவு விலையில் நமக்குக் கிடைத்து வந்த ருஷ்ய நூல்களின் தமிழாக்கங்கள் என் தந்தையாரின் தகரப் பெட்டியில் சில இருந்தன. அவற்றால் தொற்றிய பழக்கம் இன்னும் விடவில்லை. பின்னர்த் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பாய்க் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் என் நெஞ்சை உறுத்திய ஒன்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

துரோகம் என்பது ஒன்று. தன் வரலாறு என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள உறவே என் பேச்சின் பொருள். ருஷ்ய நாட்டு எழுத்தாளர் சிலர் விவிலியக் கதையை மீண்டும் சொல்லப் புகுந்தபோது, காட்டிக் கொடுத்தவனைப் பற்றி எழுதுவதாகத் தொடங்கித் தங்களைப் பற்றியே எழுதி முடித்தார்கள். நம் தமிழிலும் கவிஞர் ஒருவர் ஒரு கையால் தம் வரலாற்றையும் மறு கையால் இயேசுநாதரின் வரலாற்றையும் எழுதினார். அவரைப் பற்றியும் சொல்வேன்.

இது சமயப் பிரசங்கம் அன்று. சோமேசுவரர் கோயில் மணியையும் மாதா கோயில் மணியையும் ஒரே செவியால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆதலின் இக்கதை நம் காலனியில் அறியாதார் இலர்.

இயேசுநாதர் பிடிபட்ட அந்த இரவில் அவருடைய சீடர்களுள் இருவர் தவறினர். ஒருவன் யூதாஸ். முப்பது வெள்ளிக் காசுக்கு ஆசானைக் காட்டிக் கொடுத்தவன். மற்றவர் பேதுரு. கத்தோலிக்கப் பெரியவர்கள் இவரை இராயப்பர் என்று வழங்குவர். சாக நேர்ந்தாலும் உம்மை விட்டுப் பிரியேன் என்று சற்று முன்னர்ச் சூளுரைத்தவர் அவர். தலைமைக் குருவின் முற்றத்தில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்தவர்களோடு நின்றபோது, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று ஒரு வேலைக்காரப் பெண் கேட்டாள். அவரை அறியேன் என்றார் பேதுரு. ஒருமுறை அன்று, மும்முறை அப்படிச் சொன்னார். சேவல் கூவிற்று. வெளியே போய் மனம் கசந்து அழுதார்.

யூதாஸ் செய்தது துரோகம். பேதுரு செய்ததற்கு வேறு பெயர் உண்டோ? ஆசானுக்கு இடர் வந்தபோது இருவருமே அவரைக் கைவிட்டார்கள். யூதாசுக்கும் பின்னர் மனம் வருந்திற்று. காசை எடுத்துக்கொண்டு குருமாரிடம் ஓடினான். பாவம் செய்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னான். அது எங்கள் கவலை அன்று, நீயே பார்த்துக்கொள் என்று அவர்கள் கதவைச் சாத்தினார்கள். அவன் காசை எறிந்துவிட்டுப் போய் நான்று கொண்டான். பேதுருவோ அழுது முடித்துத் தன் தோழர்களிடம் திரும்பிப் போனார். ஒருவனுக்குக் கயிறு, மற்றவருக்குத் திருச்சபையின் தலைமை! ஏன் இந்த வேறுபாடு?

இங்கே ஒரு சிறு கேள்வி. முற்றத்தில் பேதுரு மறுதலித்த செய்தியும், வெளியே போய்த் தனித்து அழுத செய்தியும் நமக்கு எப்படித் தெரிந்தன? அழுதவரைத் தவிர அதை முற்றும் அறிந்தவர் யார்? பேதுரு சொல்லக் கேட்டவற்றையே மாற்கு எழுதி வைத்தார் என்பது திருச்சபையின் பழைய மரபு. அம்மரபின்படி பார்த்தால், தன் வெட்கக்கேட்டைத் தன் வாயாலேயே ஊரறியச் சொன்னவர் பேதுரு. யூதாசும் சொல்லத்தான் முயன்றான். ஆனால் கேட்க விரும்பாதவர்களிடம் போய்ச் சொன்னான். பிழையின் அளவிலே இருவருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. சொல்ல முடிந்ததா, கேட்க ஆள் இருந்ததா என்பதிலேதான் வேற்றுமை என்று நான் கருதுகிறேன்.

இனி ருஷ்ய நாட்டுக்குப் போவோம். ஆந்தன் செக்கோவ் 1894-ஆம் ஆண்டில் ‘மாணவன்’ என்னும் சிறுகதையை வெளியிட்டார். நாலைந்து பக்கங்களே உள்ள கதை. தம் கதைகளுள் அவர் மிக விரும்பியது இதுவே என்பர். பெரிய வெள்ளியன்று மாலை, சமயக் கல்லூரி மாணவன் ஒருவன் வேட்டை முடிந்து பசியோடும் குளிரோடும் வீடு திரும்புகிறான். எத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் உலகில் இதே வறுமை, இதே இருள் என்று அவன் மனம் சோர்கிறது. வழியிலே காய்கறித் தோட்டத்தில் தாயும் மகளுமான இரு கைம்பெண்கள் நெருப்பு மூட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மகள் கணவனிடம் அடிபட்டே பேச்சிழந்தாற்போல் ஆனவள். இப்படி ஒரு நெருப்பினருகில்தான் அன்று பேதுருவும் குளிர் காய்ந்தார் என்று தொடங்கி, மறுதலிப்பின் கதையை மாணவன் சொல்கிறான். சொல்லி முடிக்கையில் தாயின் கண்களிலிருந்து நீர் பெருகுகிறது. மகளின் முகமோ கடும் வேதனையை அடக்குபவளின் முகம்போல் இறுகுகிறது.

மாணவன் நடந்துகொண்டே எண்ணுகிறான். பேதுருவின் நெஞ்சில் நிகழ்ந்தது இவர்களுக்கு நெருங்கிய ஒன்றாய் இருப்பதால் அன்றோ இவர்கள் அழுதார்கள்! பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு அப்பால் கிடக்கும் சங்கிலியின் ஒரு முனையைத் தொட்டபோது மறுமுனை அசைந்தது என்று அவன் மகிழ்கிறான். அந்தத் தாயோ மகளோ யாரை மறுதலித்தார்கள், அல்லது யாரால் மறுதலிக்கப்பட்டார்கள் என்பதைச் செக்கோவ் சொல்லவே இல்லை. அதை நாம்தான் நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே 1894-ஆம் ஆண்டிலேதான் தமிழில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-இல் கிறித்தவரானவர் அவர். மதம் மாறுகிறவரைப் பெற்ற தாயும் உற்றாரும் அக்காலத்தில் எப்படி நோக்கியிருப்பர் என்று சொல்ல வேண்டியதில்லை. புதிய நம்பிக்கைக்கு உண்மையாய் இருப்பவன் பழைய உறவுக்குத் துரோகியாய்த் தோன்றுவான். தாம் மாறிய வரலாற்றையும் அவர் எழுதினார். யாத்திரிகத்துக்கு அவர் தழுவிய மூலநூல், ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்டது. அந்தப் பனியனோ, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1666-இல், சிறையில் இருந்தபடியே தம் வரலாற்றை வெளியிட்டவர். கிறிஸ்துவை விற்றுவிடு என்று தமக்குள் ஒரு குரல் ஓயாமல் நச்சரித்ததையும், தாம் யூதாசின் இனமா பேதுருவின் இனமா என்று அஞ்சி நடுங்கியதையும் அதிலே ஒளிக்காமல் எழுதினார். தன் நெஞ்சை முதலில் திறந்து காட்டிய பின்னரே மற்றவர்க்கு வழி காட்டும் நூல் பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

மீண்டும் ருஷ்யாவுக்கு வருவோம். லியோனிட் ஆந்திரேயெவ் என்பவரின் இளம் மனைவி 1906-இல், மகப்பேற்றை அடுத்து இறந்து போனார். துயரம் தாளாமல் இத்தாலி நாட்டுக் காப்ரித் தீவில் கார்க்கியின் அருகில் தங்கியிருந்தபோது, அவர் யூதாசைப் பற்றி ஒரு குறுநாவல் எழுதினார். அது 1907-இல் வெளிவந்தது. அந்த யூதாஸ் ஆசானை எல்லாரினும் மிகுதியாய் நேசிக்கிறான். நேசித்துக்கொண்டே காட்டிக் கொடுக்கிறான். சீடர்கள் திரண்டெழுந்து ஆசானை மீட்பார்கள் என்று எதிர்பார்க்கிறான், ஒருவரும் எழவில்லை. ஆசான் இறந்த பின் சீடர்களிடம் வந்து, அவர் மாண்டிருக்க நீங்கள் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள், உங்களால் எப்படி உண்ணவும் உறங்கவும் முடிந்தது என்று கேட்கிறான். துரோகியின் வாயிலிருந்து வரும் கேள்விதான்; ஆனாலும் பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. மனைவியைப் பறிகொடுத்துத் தான் உயிரோடிருந்த ஒருவரின் வேதனையும் அக்கேள்வியில் கலந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாமவர் மிகயில் புல்ககோவ். ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ என்பது அவருடைய நாவல். அதில் இயேசுவின் கதையும் ஊடே வருகிறது. அங்கே யூதாசுக்குச் சிறு இடமே உண்டு. கதையைத் தாங்கி நிற்பவன் ஆளுநன் பிலாத்து. கைதி குற்றமற்றவர் என்று அறிகிறான்; அவர்மீது அன்பும் கொள்கிறான். ஆனால் பேரரசருக்கு எதிரான குற்றம் என்ற சொல் வந்தவுடன் தன் பதவிக்கு அஞ்சித் தண்டனையை உறுதி செய்கிறான். பின்னர் ஈராயிரம் ஆண்டுகள் உறக்கமின்றி அமர்ந்து, அந்தக் கைதியோடு விட்ட பேச்சைத் தொடர வேண்டும் என்று ஏங்குகிறான். குற்றங்களுள் எல்லாம் கொடியது கோழைத்தனம் என்பதே அக்கதையின் உட்பொருள்.

இதை எழுதியவரின் நிலை என்ன? அவருடைய நாடகங்கள் தடைபட்டன. 1930 மார்ச்சில் நாவலின் முதற்படியைத் தம் கையாலேயே தீயிலிட்டார். அம்மாதம் 28-ஆம் நாள், ஒன்று நாட்டை விட்டுப் போக விடுங்கள், அன்றேல் வேலை கொடுங்கள் என்று சோவியத் அரசுக்கு மடல் எழுதினார். ஏப்ரல் 18 அன்று ஸ்டாலினே தொலைபேசியில் அழைத்தார். உண்மையாகவே வெளிநாடு போக வேண்டுமா என்று கேட்டபோது, ருஷ்ய எழுத்தாளன் தாய்நாட்டுக்கு வெளியே வாழ முடியாது என்றே தோன்றுகிறது என்னும் பொருள்பட விடையிறுத்தார். வேலை கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. 1939-இல் இளமைக்கால ஸ்டாலினைப் பற்றியே ஒரு நாடகம் எழுதினார், அதுவும் தடுக்கப்பட்டது. 1940-இல், 48-ஆம் வயதில் மறைந்தார். எரித்த நாவலை மீண்டும் எழுதி, இறுதிவரை திருத்திக்கொண்டே இருந்தார். மனைவி காத்து வைத்த அந்தப் படி 1966-67-இல்தான், அதுவும் பல பகுதிகள் வெட்டப்பட்டு, ஓர் இதழில் வெளிவந்தது. பிலாத்துவின் அச்சத்தை எழுதிய கை, அச்சம் இன்னதென அறிந்த கை. அவரைக் கோழை என்று சொல்ல நான் யார்? தம் நெஞ்சில் கண்டதை ஒளிக்காமல் எழுதினாரே, அதுவே அவருடைய வீரம்.

இனி நம் கவிஞர் கண்ணதாசனுக்கு வருகிறேன். பாட்டாலே நம்மில் பலர் அவரை அறிவோம். உரைநடையையும் படிக்க வேண்டும். திராவிட முன்னேற்றக் கழகத்தில் தொடக்க காலம் முதலே உழைத்து, 1961-இல் அதை விட்டு விலகியவர் அவர். கட்சியை விட்டுப் பிரிந்தவருக்குத் துரோகி என்ற பட்டம் நம் நாட்டு மேடைகளில் எளிதாகக் கிடைக்கும். பிரிந்தவரும் எதிர்த்தரப்பாரைத் துரோகிகள் என்றே சொல்வார். இந்த ஏச்சுக்கும் எதிரேச்சுக்கும் முடிவில்லை.

கண்ணதாசனும் ஏசினார், மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘வனவாசம்’ என்னும் தம் வரலாற்றை எழுதியபோது அவர் பிறரை மட்டும் கூண்டில் ஏற்றவில்லை, தம்மையும் ஏற்றினார். நூல் முழுவதும் தம்மை ‘நான்’ என்று சொல்லாமல் ‘அவன்’ என்றே சுட்டினார். குடி முதலாகத் தம்மிடம் இருந்த குறைகளையும் மூடி மறைக்கவில்லை. ‘நான்’ என்று எழுதுபவன் வழக்கறிஞனாகி விடுகிறான், தனக்காக வாதாடுகிறான். ‘அவன்’ என்று எழுதினால் சாட்சியாக நின்று சொல்ல முடிகிறது. பேதுருவின் கதையும் நற்செய்தி நூலில் ‘அவன்’ என்றுதானே வருகிறது!

நாத்திகம் பேசிய நாளில், கம்பனைக் குறை காண்பதற்கென்றே படிக்கத் தொடங்கிக் கம்பனிடமே அடிமையானவர் அவர். பிற்காலத்தில் இந்து சமயத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அத்தகையவர் வாழ்வின் அந்திக் காலத்தில் திருச்சிராப்பள்ளிக் கலைக்காவிரியாரின் விருப்பத்துக்கு இணங்க ‘இயேசு காவியம்’ பாடினார். 1981 அக்டோபர் 17-ஆம் நாள் அவர் சிகாகோவில் மறைந்தார். காவியம் 1982-இல் வெளிவந்தது. கிறித்தவர் அல்லாத ஒருவர் பேதுருவையும் யூதாசையும் எப்படி அறிந்து பாட முடிந்தது என்று கேட்பார் உண்டு. கட்சியையும் கொள்கையையும் மாற்றி, நண்பரை இழந்து, தம் பிழையைத் தாமே எழுதிப் பார்த்த ஒருவருக்கு அந்த முற்றத்து நெருப்பு அயலானதாய் இருந்திருக்காது என்பதே என் விடை.

அன்பர்களே! பிறருடைய மறுதலிப்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு, என்னுடையதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசியது அனைத்தும் பொய்யாகும்.

முற்றத்தில் நின்ற பேதுருவை அவருடைய கலிலேயப் பேச்சின் சாயலே காட்டிக் கொடுத்தது என்று மத்தேயு குறிக்கிறார். பேச்சு ஒருவனைக் காட்டிக் கொடுக்கும் என்பதை இந்த ஊர்த் தமிழருக்கு விளக்க வேண்டுமா? 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை அடுத்து நம் நகரில் மூண்ட கலவரத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆயாவோடு, அதாவது என் தந்தையைப் பெற்றவரோடு, உறவினர் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஆயாவுக்குத் தமிழைத் தவிர ஒரு சொல்லும் தெரியாது. எனக்குக் கன்னடம் நன்றாக வரும். தெரு முனையில் நின்ற இளைஞர் சிலர் என்னை நிறுத்தி, யார் நீ, எந்த ஊர் என்று கேட்டார்கள். நான் கன்னடத்தில் விடை சொன்னேன். பத்தடி பின்னால் வந்த ஆயா, “என்னடா கண்ணு, இன்னா கேக்கறாங்க?” என்றார். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கிழவி உன்னோடு வந்தவளா என்று கேட்டார்கள். இல்லை, யாரென்று தெரியாது என்றேன்.

சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. சேவல் எதுவும் கூவவில்லை.

அந்தி சாயும் வேளையில் ஆயா வீடு வந்து சேர்ந்தார். பூ விற்கும் கன்னட அம்மையார் ஒருவர், இவர் எங்கள் வீட்டு மனிதர் என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். நான் யாரென்று தெரியாது என்றவரை, உண்மையிலேயே யாரென்று தெரியாத ஒரு தாய், எங்களவர் என்றார்! என் தந்தையார் என்னை நோக்கி, ஆயாவை விட்டு ஏன் வந்தாய் என்று அதட்டினார். நான் வாய் திறக்குமுன் ஆயா, “வழி பாக்க முன்னால போனான், உடு” என்றார். அவர் கேட்டிருந்தார், மொழி தெரியாவிட்டாலும் என் தலையசைப்பைக் கண்டிருந்தார். அதன் பின் தாம் வாழ்ந்த ஆறாண்டிலும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அதைக் கேட்காமலே அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனோம்.

சிறுவன் பயந்து சொன்னது, அதைத் துரோகம் என்பது மிகை என்று நீங்கள் என்னைத் தேற்றக்கூடும். பேதுருவும் பயந்துதான் சொன்னார். தேற்றுதலை நான் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, இரவுப் பணியின் ஓய்வில் செக்கோவின் அந்தச் சிறுகதையைப் படித்தபோது, மகளின் முகம் இறுகிய இடத்தில் என் முகமும் இறுகியது. சங்கிலியின் மறுமுனை என் கையில் இருந்தது. அன்று முதல் இதை ஒருநாள் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். என் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடிய இந்த மன்றத்தை விட ஏற்ற இடம் ஏது?

ஆதலால் நான் வேண்டுவன இரண்டே. கதை எழுதவோ, நாடகம் போடவோ, தன் வரலாறு எழுதவோ விரும்பும் நம் இளைஞர்கள், தமக்குப் பிறர் செய்த துரோகங்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிட வேண்டா. தாம் மறுதலித்த அந்த ஒரு முற்றத்தையும் எழுதுக. நம்மைத் துன்புறுத்தியவர் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மை எங்களவர் என்று கைப்பிடித்து அழைத்து வந்தவர்களையும், நாமே கைவிட்டவர்களையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

மற்றொன்று பெற்றோர்களுக்கு. பிள்ளை ஒருவன் தவறு செய்துவிட்டு நம்மிடம் சொல்ல வருவான். அப்போது, அது எங்கள் கவலை அன்று, நீயே பார்த்துக்கொள் என்று கதவைச் சாத்திய குருமாரைப் போல் நாம் இருந்துவிடக் கூடாது. கண்டிப்பதைப் பிறகு கண்டிக்கலாம், முதலில் கேட்போம். யூதாசின் கதையைக் கேட்க அன்று ஒருவர் இருந்திருந்தால், அவனும் ஒருவேளை தன் வரலாற்றைத் தானே சொல்லியிருப்பான்.